இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் பார்த்தது

என்னிடம் ஒரு தேக்கு மணை இருக்கிறது. ஒரு மூலை பிளந்துவிட்டது, ஓரத்துப் பித்தளைப் பூண் எப்போதோ கழன்று போய்விட்டது. இதை விறகுக்குப் போடலாமே என்று யாராவது வாயெடுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சாப்பிட மணை போடுவார்கள், கல்யாணத்துக்கு மணை போடுவார்கள். யோசிப்பதற்கென்று மணை போட்டுக்கொண்ட பெண்பிள்ளை, எனக்குத் தெரிந்து மயிலாப்பூரிலேயே ஒருத்திதான். அவள் என் ஓர்ப்படி, என் கணவருடைய தம்பியின் மனைவி. என்னைவிட மூன்று வயது சின்னவள்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மாமனார் வக்கீல். கோர்ட்டில் எப்படியோ, வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மத்தியானம் ஆண்கள் வெளியே போய், பாத்திரமெல்லாம் கவிழ்த்தானதும், இவள் சமையலறைச் சுவரைப் பார்த்து மணையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மடியில் ஒரு பிடி புளியங்கொட்டை. கால் மணி நேரம் யாரோடும் பேசமாட்டாள். அவ்வப்போது ஒரு கொட்டையை எடுத்து இடது பக்கமோ வலது பக்கமோ வைப்பாள். "பொம்மனாட்டிக்கு அப்படி என்னடி யோசனை? கப்பலா கவுந்துடுத்து?" என்று மாமியார் கேட்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான், மறைப்பானேன்.

ஒரு நாள் விடிகாலையில் கொல்லைக் குழாயடியில் குடத்தோடு நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். "மன்னி, ஏன் நாலரைக்கே வந்து நிக்கறேள்?" என்றாள். தண்ணீர் வருமே என்றேன். "நாலரைக்கா வரது?" என்றாள். இல்லை, ஐந்தரைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. முன்பு நாலரைக்கு வந்தது, ஒரு வருஷமாக நேரம் மாறிவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் வறண்ட குழாய்க்குக் காவல் நின்றிருக்கிறேன். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! குழாய்மேல் இல்லை, அவள்மேல். ஆனால் அன்று மத்தியானம் நானே இன்னொரு மணையை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முறையைச் சொன்னாள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றி மனசில் எது தோன்றினாலும் ஒரு கொட்டை. பிறர் வாயால் கேட்டது என்றால் இடது பக்கம், நாமே பார்த்தது, பட்டது என்றால் வலது பக்கம். அவ்வளவுதான். இதில் என்ன பிரமாதம் என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது! இரண்டு நிமிஷத்தில் மனசு பாலுக்குப் பிரை குத்தினோமா என்று ஓடியது. அதை இழுத்து வந்தால் மாமனார் குரல் கேட்டது, பிறகு என் அம்மாவின் குரல். எனக்கென்று ஒரு குரல் வரவே இல்லை. அழுதுவிட்டேன். "கவலைப்படறதுக்குப் பழக வேண்டாம் மன்னி, அது தானா வந்துடும். இதுக்குத்தான் தினம் உக்காரணும்" என்றாள். அப்பளத்துக்கு மாவு இடிப்பதுபோல இதுவும் கை வலிக்க வலிக்கத்தான் வந்தது. இன்றைக்கு என்ன கறி, யாருக்கு முதலில் பதில் கடிதம் என்று அற்ப விஷயங்களில் பல மாதம் பழகினேன்.

அப்புறம் நாற்பத்திரண்டு சித்திரை வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. எங்கள் தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு பூட்டு. ஆபீஸ் போகிற ஆண்கள் மட்டும் இருப்பது, மற்றவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போவது என்று மாமனார் தீர்மானித்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இரண்டு வருஷத்துக்கு முன் அதே கிராமத்தில்தான் என் முதல் குழந்தை கால் முன்னால் வந்து, ஆற்றைத் தாண்டி மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் போய்விட்டது. அந்தக் குழந்தையின் முகம் எனக்கு இப்போதும் தெரியும்.

அன்று மணையில் உட்கார்ந்தேன். கப்பல் கண்ணுக்குத் தெரிந்ததாமே, இடது. அடுத்த தெருவும் காலியாமே, இடது. எல்லாரும் சொல்கிறார்கள், இடது. கொட்டை குவிந்துகொண்டே போனது. முந்தின வாரம் அபாயச் சங்கு ஊதியதையும் இடது பக்கம் தள்ளப் போனேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது உங்க காதாலேயே கேட்டது. வலது பக்கம் வைங்கோ. ஏமாத்தப்படாது." வைத்தேன். பக்கத்தில் என் குழந்தையை வைத்தேன். பிரசவத்துக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, அதனால் அந்தக் கொட்டை கையிலேயே நின்றது. "தெரியலைன்னா போய்ப் பார்ப்போம்" என்றாள்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு சாந்தோம் வரைக்கும் நடந்தோம். மாதா கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு நர்ஸம்மா இருந்தாள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் வேலை. "நீங்களும் போறேளா?" என்று கேட்டேன். "நான் இன்னாத்துக்கு ஓடணும்? கொயந்த பொறக்கிறது குண்டுக்கு பயந்து நின்னுக்கினா கீது? நீ எப்ப சொல்லி அனுப்புனாலும் வருவேன், போ" என்றாள். திரும்பி வந்து அந்தக் கொட்டையை வலது பக்கம் வைத்தேன்.

"நான் போகலை" என்று முதலில் இவளிடம்தான் சொன்னேன். சபாஷ் என்பாள் என்று பார்த்தேன். "நான் யோசிச்சா போகணும்னுதான் வரது மன்னி. சங்கு பெரிசாத் தெரியறது எனக்கு. ஆனா வயிறு உங்களோடது" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் நீ போய்க்கொள்ளடி என்றேன் வீம்பாக. "உங்களைத் தனியா விட்டுட்டுப் போக என்கிட்ட ஒரு கொட்டைகூட இல்லையே" என்றாள்.

அன்று வரை மாமனார் எதிரில் நான் நின்று பேசியதில்லை. கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். நான் வரவில்லை என்றேன். "உன்னை யார் கேட்டா?" என்றார். "யாரும் கேக்கலை. நானாத்தான் சொல்றேன்" என்றேன். "ஊரே போறது, நீ ஒருத்திதான் புத்திசாலியா?" என்று கத்தினார். "ஊர் போறதை இடது பக்கம் வெச்சாச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் மாமியாரும் ரயிலேறினார்கள்.

பதினோராம் நாள் வலி கண்டது. இந்தக் குழந்தைக்கும் கால்தான் முன்னால் வந்தது. நர்ஸம்மா அரை மணியில் வந்துவிட்டாள். திட்டிக்கொண்டே, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே, முழு உயிரோடு என் பெண்ணை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் ஓர்ப்படி ஓவென்று அழுதாள். நான் அழவில்லை, குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கணக்கில் ஆகியும் ஒன்றும் நடக்காததால் எல்லாரும் மெள்ளத் திரும்பி வந்தார்கள். மாமனார் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "குண்டு விழலை, உன் அதிர்ஷ்டம். ஏதோ நீ சொன்னது சரியாப் போச்சு" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விழுந்திருந்தாலும் நான் யோசிச்சது யோசிச்சதுதான். அதிர்ஷ்டம்னு சொல்லாதீங்கோ" என்றேன். அப்போதும் இப்போதும் அதேதான் சொல்கிறேன்.

என் ஓர்ப்படி போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் மணை என்னிடம் வந்துவிட்டது. கீழே உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் அதை நாற்காலிமேல் போட்டு உட்காருகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போவதென்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். வயசானவள் தனியாக இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களாம். முழங்கால் வலியை வலது பக்கம்தான் வைத்திருக்கிறேன், ஏமாற்றவில்லை.

அன்று கால் முன்னால் வைத்து வந்தாளே, அந்தப் பெண்தான் இப்போது வாசற்படியில் நின்றுகொண்டு பறக்கிறாள். "அம்மா, டிக்கெட் வாங்கணும். வரியா, வரலையா? எத்தனை நாழிதான் சுவரைப் பாத்துண்டு இருப்பே?"

"கால் மணி ஆகலைடி. சத்தம் போடாதே" என்றேன்.