மேல்தளத்தில் மஸ்னியா

என் நாத்தனார் மஸ்னியாவுக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். யார் சமைத்துக்கொண்டிருந்தாலும் நடுவில் புகுந்து உப்புப் போட்டுவிடுவாள். குமாய் துறையிலிருந்து செகோன்யெர் ஆற்றில் ஒராங்குட்டான் என்ற மனிதக்குரங்குகளைப் பார்க்கப் போகும் படகுகளில் அவளைப்போல் சமைக்க ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொன்னது போதாதென்று அவளும் சொல்வாள்.

படகில் விருந்தாளிகளுக்கு மேல்தளம். மெத்தை, நிழல், காற்று. சமையல்காரிக்குக் கீழே பின்பக்கம், இஞ்சினுக்கு அடுத்தாற்போல், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் இடம். கரையில் ஏதாவது கண்ணில் பட்டால் வழிகாட்டி மேல்தளப் பலகையை இரண்டு முறை காலால் உதைப்பான். படகோட்டியான என் புருஷன் ஜர்கசி உடனே இஞ்சினை நிறுத்துவார். உதைத்த தூசி நேராகச் சட்டியில் விழும். "அதோ, அதோ" என்று மேலே ஒரே கூச்சல். மஸ்னியா சட்டியை மூடி, அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏணியில் தலையை நீட்டும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

கல்யாணம், இரண்டு பிரசவம், புருஷன் சாவு எல்லாம் இந்த வேலைக்கு நடுவிலேயே வந்து போய்விட்டன. காட்டு ஒராங்குட்டான் மட்டும் அவள் கண்ணில் படவில்லை. வனத்துறை பழம் வைக்கும் மேடைக்கு வருகிறவற்றை அவள் கணக்கில் சேர்க்கமாட்டாள். "அதுங்க நம்ம தெரு ஆளுங்க மாதிரி. கூப்பிட்டா வரும், அசந்தா வாழைப்பழத்தைத் தூக்கிட்டுப் போயிரும். தன் பாட்டுக்குக் காட்டுல திரியிறதை ஒரு தடவையாவது பாக்கணும்" என்பாள்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுக்காரி தன்னந்தனியாக வந்தாள். முழுப் படகும் அவள் ஒருத்திக்கு. எங்கள் ஊரில் யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். ஐயோ பாவம் என்று மஸ்னியா அவளுக்கு இரட்டைப் பங்கு வடித்துக் கொட்டினாள். அந்தப் பெண்ணோ காலை நீட்டிக்கொண்டு, காட்டைப் பார்த்துத் தானாகச் சிரித்தபடி வந்தாள். அவள் இறங்கிப் போனதும் மஸ்னியா என்னிடம், "அவளுக்கு ஒரு குறையும் இல்லடி" என்றாள், ஏமாந்துபோன முகத்தோடு.

அதுதான் உள்ளே கிடந்து குடைந்திருக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முதலாளி போனஸ் கொடுத்தபோது அவள் உறையை வாங்கவில்லை. "அதுக்குப் பதிலா ஒரு ராத்திரிக்குப் படகைக் குடுங்க. நான் மேல உக்காந்து போகணும். தனியா."

முதலாளி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தெரு ஒப்புக்கொள்ளவில்லை. படகு சும்மாதானே போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி பாயும் பிள்ளைகளுமாகத் துறைக்கு வந்து ஏறியே விட்டாள்.

"இம்புட்டு எடம் கெடக்கு. நாங்க ஓரமா ஒண்டிக்கறோம்."

"ஒருத்தரும் வேணாம்."

"தனியாப் போயி என்னத்தடி பண்ணுவே? பேய் வந்து உக்காந்துக்கும்!"

"வந்தா அதையும் எறக்கி விட்டுர்றேன். மொதல்ல நீ எறங்கு."

ஆக, படகு ஓட்ட ஜர்கசி, சமைக்க நான், பெருநாள் உடுப்போடு மேலே அவள். இன்றைக்காவது என் சட்டியில் அவள் கை படாது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷந்தான். ஆனால் கரையோர நிபா பனைகள் தாண்டுமுன்னே ஏணியில் காலடிச் சத்தம்.

"எண்ணெய் காயலயே."

"காயும். மேல போங்கக்கா."

"வெங்காயத்தை இவ்வளவு தடியா நறுக்கினா..."

மறுபடி மேலே போனாள், மறுபடி வந்தாள். கடைசியில் என் கையிலிருந்து கரண்டியையே பிடுங்கிக்கொண்டாள். மஞ்சள் போதுமா போதாதா என்று நாங்கள் மல்லுக்கு நிற்கும்போது முன்னாலிருந்து ஜர்கசி கத்தினார்: "அக்கா! வலது பக்கம் பாரு, பெரிசு!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கிளை ஆடிக்கொண்டிருந்தது.

கீழே வந்து ஏணிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "மேல எடம் கெடச்சும் நான் அடுப்படியிலதான கெடந்தேன்." எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அடுத்த பெருநாளிலும் முதலாளிக்கு இதே மனசு இருக்கும் என்று என்ன நிச்சயம்? அவள் தோளைப் பிடித்துத் தள்ளி மேலே ஏற்றினேன். ஏறியதும் ஏணியைக் கழற்றிக் கீழே போட்டேன்.

"இனிமே எறங்கணும்னா ஆத்துல குதிங்க. முதலை இருக்கு."

சாயங்காலம் கறுப்புத் தண்ணீர் ஓடும் கிளையாற்றில் ஒரு மரத்தில் படகைக் கட்டினோம். ஜர்கசி முன்பக்கம் சாய்ந்து குறட்டை விட்டார். நான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தேன். மேலே சத்தமே இல்லை. தூங்கிவிட்டாள், இதற்கா இத்தனை பாடு என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அடுப்படிக்கு வெளியே ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது. முக்காடு நழுவி, முகமெல்லாம் சிவந்து, மஸ்னியா குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் விரல்.

"வா."

"பழம் எண்ணெயில கெடக்கு."

"அடுப்பு கெடக்கட்டும், வாடி."

அவள் வாயிலிருந்தா இந்த வார்த்தை! திரியை மட்டும் தணித்துவிட்டு, ஏணியைச் சாத்தி ஏறினேன். எதிர்க்கரை மரத்தில் ஒரு தாய் ஒராங்குட்டான் இரவுக்குப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தது. கிளையை ஒடித்து மடக்கும், மேலே உட்கார்ந்து பார்க்கும், திருப்திப்படாமல் இன்னொரு கிளையை இழுக்கும். விலாவில் தொற்றியிருந்த குட்டி எங்களை உற்றுப் பார்த்தது.

"உப்புப் பத்தலைன்னு உங்களை மாதிரியே நிக்குது" என்று காதில் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"தனியாத்தான் பாக்கணும்னீங்க?"

"தனியாத்தான் பாத்தேன். ஆசை தீரப் பாத்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் நீ கீழ நிக்கிறது ஞாபகம் வந்திருச்சு. எல்லாரும் கத்துவாங்களே தவிர, என்னை ஒருத்தரும் வந்து கூப்பிட்டதில்லடி."

தாய் இலைக்கொத்து ஒன்றைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்கும்வரை இருந்தோம். கீழே வந்தால் பழமெல்லாம் கருகிக் கரியாகிக் கிடந்தது. மஸ்னியா ஒன்றை எடுத்துத் தின்றாள். இன்னொன்றும் எடுத்தாள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து, என் சமையலைக் குறை சொல்லாமல் அவள் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.