ஆறு பெட்டிக்கு இருபத்துநாலு சக்கரம்

போன வாரம் மெட்ராஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணே, தையல் மெஷினுக்கு ஒரு பாபின் கேஸ் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

ஒரு பாபின் கேஸுக்கா இத்தனை பிகு? பிகு இல்லை ஐயா... பயம்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் எக்ஸ்போர்ட் பேப்பர்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே எலெக்ட்ரீஷியன் ஏகாம்பரம் — குடியாத்தத்துக்காரன். வீட்டில் எல்லோரும் லுங்கி நெய்தார்கள். இவன் மட்டும் ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் தோஸ்த் நாங்கள்.

தோல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரரின் டேப் ரெக்கார்டரை அவன் ரிப்பேர் செய்து கொடுத்தான். அடுத்த முறை வந்தபோது அவர் ஒரு பொம்மை ரயில் செட்டைப் பரிசாகத் தந்தார். தண்டவாளம், கரண்டில் ஓடும் இன்ஜின், ஆறு பெட்டிகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

ஆயுத பூஜையன்று கம்ப்ரெஸருக்கு மாலை போட்டு, அதைச் சுற்றி ரயில் விடுவான். தொழிலாளர்கள் குடும்பத்தோடு பார்க்க வருவார்கள். வருஷம் முழுக்க ஃப்யூஸ் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன், அந்த ஒரு நாள் ஹீரோ.

மூன்றாவது வருஷம் பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்கள் தேய்ந்து, வளைவில் தடம் புரண்டன. மெட்டல் சக்கரம் போட முடிவு செய்தான். நான் ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போகிறேன் என்றதும் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தான்.

"அச்சு நீளம் இதே இருக்கணும். அப்புறம், ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு உள்ள பிளாஸ்டிக் புஷ் இருக்கணும்டா. இல்லன்னா மெட்டல் அச்சு வழியா கரண்ட் பாஞ்சு ரெண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆய்டும். பாத்து வாங்கு."

மெட்ராஸில் பழைய பொம்மைகள் விற்கும் சின்னக் கடை. கடைக்காரப் பெரியவர் ஒரு டப்பாவைத் திறந்தார். பித்தளைச் சக்கரங்கள். என்ன பளபளப்பு!

நான் கொண்டுபோன பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அது ஆகாது தம்பி. புஷ் போட்டது பரண்ல இருக்கு. அரை மணி உக்காருங்க, தேடி எடுக்கறேன்" என்றார்.

எனக்கு மேட்னி ஷோ. டிக்கெட் சட்டைப் பையில். "பரவால்ல, இதையே குடுங்க" என்றேன்.

தெரிந்தேவா செய்தீர்கள்? நியாயமான கேள்வி. இத்தனூண்டு புஷ் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சோம்பேறிக்குக் காரணமா கிடைக்காது?

ஆயுத பூஜையன்று காலையில்தான் ஆம்பூர் வந்து சேர்ந்தேன். ஏகாம்பரம் அவசர அவசரமாகச் சக்கரங்களை மாட்டினான்.

"இன்னாடா, புஷ் இருக்குதான்னு பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். போடு."

டெஸ்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டேன் அல்லவா...

கற்பூரம் காட்டியாயிற்று. சுற்றிலும் கூட்டம். ஸ்விட்சைப் போட்டான். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. கருகிய நாற்றம். புகை.

"இன்னா ஏகாம்பரம், ரயிலு ஸ்ட்ரைக்கா?" என்றார் மேனேஜர். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ வேறு. "கடைக்காரன் ஏமாத்திட்டான்டா!"

நம்பினான். டிரான்ஸ்ஃபார்மர் போனதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்பதுதான் கோபம். "வேணாம், விட்டுடு" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சக்கர டப்பா மேலிருந்த கடை விலாசத்தைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டான் — எனக்காகச் சண்டை போட.

திங்கள் மதியம், சாப்பாட்டு நேரம். அவனே சொன்னான்.

"அந்தப் பெரியவரைக் கண்டபடி பேசிட்டேன். அவரு ஏணி போட்டு ஏறி, பரண்லேருந்து புஷ் போட்ட டப்பாவ எறக்கிக் காட்டினாரு. நடந்ததைச் சொன்னாரு. கால்ல விழுந்துட்டு வந்தேன்."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் கையைக் கழுவினான். டிபன் பாக்ஸை மூடினான்.

"வர்றேன் சார்" என்றான்.

அதுவரை நான் அவனுக்கு வெறும் 'டேய்'.