தானாக அணையாத சிவப்பு விளக்கு

என் கணவருக்கு தேஹு ரோடு டிப்போவில் வேலை. வீட்டில் காரை ஓட்டுவது நான்தான். சார்ஜ் செய்வதற்காக பேட்டரியைக் கழற்றிச் சென்ற மெக்கானிக், போன வருஷம் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். வண்டி கிளம்பியது, ஆனால் டாஷ்போர்டில் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு அணையவில்லை.

"ஏன் எரிகிறது?" என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்து, "தோடா சலாவோ சாப், அப்னே ஆப் புஜேகா" என்று இந்தியில் சொன்னார். கொஞ்சம் ஓட்டினால் தானாக அணைந்துவிடுமாம்.

அதை நம்பி, குழந்தைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அடுத்த ஊரான நிக்டி போய்ச் சேருவதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பானெட் இடுக்கில் புகை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தும் புகை நிற்கவில்லை. குழந்தைகளைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி முனையில் வயரைப் பிடித்திருந்த கிளாம்பை இழுத்தேன். சட்டென்று கழன்று வந்தது. அதைக்கூட அந்த மெக்கானிக் சரியாக முறுக்கவில்லை. அதனால் பிழைத்தோம்.

பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டியிருந்ததால் டைனமோ எரிந்துவிட்டது என்று வேறொரு கராஜில் சொன்னார்கள். கணவரோடு பழைய மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். அப்போதும் அவர் என் கணவரிடம்தான் பேசினார். "மேடம் சோக்கை அதிகமாக இழுத்திருப்பார்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். குளிரில் வண்டியைக் கிளப்ப இழுக்கும் சோக்குக்கும் மாற்றி மாட்டிய பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றி மாட்டினால், சிவப்பு விளக்கு அணையும்வரை நான் வண்டியை நகர்த்துவதில்லை. அணைந்த பிறகும், முதல் சுற்றுக்கு மெக்கானிக்கை என் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டுகிறேன்.