மூடியைத் திறக்கும் முன்

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில் நடந்தது இது. தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் அலுவலகம். வெளியூர்க் கம்பெனி ஒன்று தயாரிக்கும் விவசாயக் கருவிகளுக்குக் கையேடு எழுதித் தருவது என் வேலை. புதிதாக ஒரு கருவி வாங்கினால் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருக்குமே, பெரும்பாலும் யாரும் படிக்காமல் பரணில் போட்டுவிடுவார்களே, அதேதான்.

எஞ்சினியரிங் முடித்து நான்கு வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தேன். ஆனால் இதே வேலை செய்யும் இன்னொருவரை நேரில் பார்த்ததில்லை. ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. “பொண்ணு என்ன பண்ணுதா?” என்று கேட்பவர்களிடம் அம்மா, “கம்ப்யூட்டர்ல என்னமோ டைப் அடிக்கா” என்றுதான் சொல்வாள். அதனால், தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் அதில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மாதம் ஒரு முறை இணையத்தில் கூடுவார்களாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்வார்களாம். குறை சொல்ல ஆள் கிடைப்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

விண்ணப்பத்தில் பத்துக் கேள்விகள். காய்கறி வாங்கப் போவதற்குக்கூட வரிசை எண் போட்டு எழுதிக்கொள்பவள் நான். ஒன்பது கேள்விகளை அரை மணி நேரத்தில் முடித்தேன். என் எழுத்துக்கு மாதிரியாக, அப்போதுதான் முடித்திருந்த ஒரு கையேட்டை மேலாளரின் அனுமதியோடு இணைத்தேன். பயிருக்கு மருந்து அடிக்கும் சிறிய ஸ்பிரேயர் அது. தொட்டியின் மூடியிலேயே பம்பு இருக்கும். கையால் காற்றடித்துவிட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கையேடு அச்சுக்குப் போக இருந்தது.

பத்தாவது கேள்வி: ‘இந்தக் கையேட்டைப் பார்த்து ஒருவர், உங்கள் உதவி இல்லாமல் வேலை செய்வதை நேரில் பார்த்தீர்களா? என்ன கண்டீர்கள்?’

அதுவரை பதினொரு கையேடுகள் எழுதியிருந்தேன். ஒன்றைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. கம்பெனியின் எஞ்சினியர்கள் செய்து பார்த்து வீடியோ அனுப்புவார்கள், அதோடு சரி. ‘ஆம். பயனர் எளிதாகச் செய்து முடித்தார்’ என்று அடித்தும்விட்டேன். அனுப்பும் முன் கீழே ஒரு வரி கண்ணில் பட்டது. நேர்காணலில் பத்தாவது கேள்வியைப் பற்றிப் பேசுவார்களாம். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய். மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான். அடித்ததை அழித்தேன்.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியிருப்பார். குற்றாலம் போகிற வழியில் அவருக்கு எலுமிச்சைத் தோட்டம். சனிக்கிழமை காலையில், கம்பெனி எனக்கு அனுப்பியிருந்த ஸ்பிரேயரையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மதினியும், அதாவது அவர் மனைவியும், தோட்டத்தில்தான் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சிக்கு உற்சாகமாகிவிட்டது. “நம்ம தோட்டத்துக்கே மருந்தடிக்க வேண்டியிருக்கு. கலக்கட்டுமா?” என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. நிஜ மருந்து, நிஜத் தோட்டம். விண்ணப்பத்தில் எழுத நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மதினிதான் விடவில்லை.

“சாரல் விழுதது கண்ணுல தெரியலையா? இலையில நிக்கவா போவுது? அம்புட்டும் கழுவிட்டுப் போயிரும். வெறும் தண்ணிய ஊத்தி அடிங்க.”

தண்ணீர் ஊற்றினோம். நான் வாயைத் திறக்கமாட்டேன், தாளில் உள்ளதைப் பார்த்து அவராகவே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் நோட்டோடு தள்ளி நின்றுகொண்டேன்.

“அவருகிட்ட ஒண்ணுன்னா ஒண்ணு, ரெண்டுன்னா ரெண்டு. அடுத்த வரியை எட்டிக்கூடப் பாக்கமாட்டாரு” என்றார் மதினி.

“ஆர்டர்னா அப்படித்தான்ட்டி. நீ என்னைக்குக் கேட்டிருக்க?” என்றார் அண்ணாச்சி.

நிரப்புவது, காற்றடிப்பது, தெளிப்பது எல்லாம் நன்றாகவே நடந்தன. நானும் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பிறகு, தொட்டியைக் கீழே இறக்கிவைத்து, ‘தெளிப்பு குறைந்தால்’ என்ற பகுதியைச் செய்து பார்க்கச் சொன்னேன். அவர் சத்தமாகப் படித்தார். ஒன்று, கைப்பிடியை விடவும். விட்டார். இரண்டு, மூடியைத் திருகித் திறக்கவும். குனிந்து மூடியைப் பிடித்தார். இரண்டுக்கு டிக் அடிக்க நானும் நோட்டின்மேல் குனிந்தேன்.

பலூன் வெடித்தது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், மூடி பம்போடு எகிறி அவர் காதோரமாகப் போய் மண்ணில் விழுந்துகிடந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். அண்ணாச்சி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

அவர் கண்ணைத் திறந்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“கல்யாணம் ஆனதுல இருந்து இன்னைக்குத்தான் காலையில ஒழுங்கா முகம் கழுவியிருக்காரு” என்றார் மதினி. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தார். இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்.

அண்ணாச்சி நனைந்த தாளை எடுத்து மீண்டும் படித்தார். ஆறு படிகளும் முடிந்த பிறகு, கீழே, முக்கோணப் படம் போட்ட அழகான கட்டத்துக்குள் நான் எழுதியிருந்தேன்: ‘எச்சரிக்கை: மூடியைத் திறக்கும் முன் வால்வை இழுத்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்றவும்.’

“இதை மொதல்லயே போட்டா என்ன? கண்ணிவெடி இருக்குங்கிற போர்டை வயலுக்கு அங்கிட்டுக் கொண்டு நட்ட மாதிரில்லா இருக்கு!”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. வீடியோவில் எஞ்சினியர்கள் ஒவ்வொரு முறையும் வால்வை இழுத்த பிறகே மூடியைத் தொட்டார்கள். அவர்கள் கைக்கு அது பழக்கம். தாளைப் பார்க்கவே தேவையில்லை. அந்தப் படி வரிசையில் இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாமலே போயிருந்தது.

அங்கே நின்றபடியே மேலாளருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. ‘அச்சை நிறுத்துங்கள்’ என்று செய்தி அனுப்பினேன். அச்சகத்தில் முன்கூட்டியே ஆரம்பித்திருந்தால்? சுரண்டையிலோ சங்கரன்கோவிலிலோ யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைப் பிரித்து, அண்ணாச்சியைப் போலவே ஒழுங்காக, வரிக்கு வரி படித்துச் செய்தால்? மதினி கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்து மேலாளரே கூப்பிட்டார். “நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கலை. நிறுத்தச் சொல்லிட்டேன். மாத்தி அனுப்புங்க” என்றார். என்னை அறியாமல் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திட்டி, பாவாடையெல்லாம் சேறு” என்றார் மதினி.

அன்றே எச்சரிக்கையை இரண்டாவது படியாக மாற்றினேன். அடுத்த வாரம் முழுக்கப் பழைய கையேடுகளை எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டில் எச்சரிக்கை கடைசியில்தான் இருந்தது. ஆபத்து வரும் இடங்கள் அல்ல. ஆனாலும் கம்பெனியிடம் சொல்லித் திருத்தினேன்.

பத்தாவது கேள்விக்கு, நடந்ததை நடந்தபடியே எழுதினேன். இதைப் படித்துவிட்டு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். நேர்காணலில் பேசிய அம்மையார் மற்ற ஒன்பதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அண்ணாச்சியின் கண் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, தான் எழுதியதைப் படித்து ஒருவர் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். மறுநாள் உறுப்பினர் அட்டை மின்னஞ்சலில் வந்தது.

இப்போது ஒவ்வொரு கையேட்டையும் அனுப்புவதற்கு முன் அண்ணாச்சியிடமோ வேறு யாரிடமோ கொடுத்து, நோட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் கையையே பார்க்கிறேன். சங்கத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாரல் விழும்போதெல்லாம் மனதுக்குள் வந்து போகும் நிம்மதி, அன்று அந்தத் தொட்டியில் இருந்தது வெறும் தண்ணீர் என்பதுதான்.