ஆரோனின் மகன்கள் குடித்திருந்தார்களா

சனிக்கிழமை மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும் முதலில் பட்டது எதிர் நாற்காலியில் இருந்த பெண்ணின் விரல். அன்று நாங்கள் வாசித்தது லேவியராகமம் ஒன்பதாம் அதிகாரம். அவருடைய விரல் வேதாகமத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி வேதம் வாசித்து வந்தோம். யாழ்ப்பாணத்தார், மலேசியர், திருநெல்வேலிக்காரர் எல்லாம் கலந்த கூட்டம். ஆதியாகமத்தில் தொடங்கியபோது ஒரே ஒரு சட்டம் போட்டோம்: ஒரு அதிகாரத்தையும் தாண்டக் கூடாது. கூடும் வீடுகளுக்கு ஒரு சுற்று, பேசுகிறவர்களுக்கு இன்னொரு சுற்று. இரண்டும் தனித்தனியாக ஓடின. எந்த அதிகாரம் எந்த வீட்டில் வரும், அதைப் பற்றி யார் பேசுவார் என்பதை யாரும் முடிவு செய்ததில்லை. அது தானாக வந்து விழும்.

லேவியராகமம் பத்தாம் அதிகாரம் கிளென் ஈடனில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு விழுந்தது. பேச வேண்டியவன் நான்.

அவரும் கணவரும் ஈப்போவிலிருந்து வந்தவர்கள். முந்திய குளிர்காலத்தில் அவர்களுடைய ஒரே மகன் நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்து இறந்தான். பத்தொன்பது வயது. நண்பனின் பிறந்தநாள் முடிந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். அவன் குடித்திருந்தானா என்று எங்கள் கூட்டத்தில் பலர் ஒருவரையொருவர் கேட்டார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் கர்த்தரிடமிருந்து தீ வந்து பலியை எரிக்கிறது. சனங்கள் மகிழ்ந்து ஆரவாரம் செய்கிறார்கள். பத்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், புதிதாக ஆசாரியரான ஆரோனின் இரண்டு மகன்கள், கட்டளையிடப்படாத தீயைத் தூபகலசத்தில் எடுத்துக்கொண்டு சந்நிதிக்குப் போகிறார்கள். மறுபடி தீ வந்து அவர்களை எரிக்கிறது. தகப்பன் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்த எல்லோருக்கும் இது தெரியும். தேநீர் வரும்போது திருநெல்வேலி எஞ்சினியர் என் பக்கம் நகர்ந்தார்.

"அண்ணாச்சி, நேரா பதினொண்ணுக்குப் போயிருவோமா? எந்த மிருகத்தத் திங்கலாம், எதத் திங்கக் கூடாதுன்னு வருது. நீங்களும் லேசா முடிச்சிரலாம்."

அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது.

"எதுக்கு மாத்தணும்? எங்க வீடுன்னுதானே? பத்தாவதே படிங்க. நாப்பது பேருக்குச் சமைக்கச் சொல்லுங்க, சமைக்கிறேன். அதிகாரத்த மட்டும் மாத்தாதீங்க."

வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க பேப்பர்ல வேலை செஞ்ச ஆளு. தோண்டிப் பார்ப்பீங்கல்ல? அந்தப் பையனுங்க என்னா தப்பு செஞ்சானுங்க? அது மட்டும் எனக்குத் தெரியணும். ஆண்டவரு சித்தம், நமக்குப் புரியாது, அதெல்லாம் வேணாம். அத எல்லாரும் சொல்லிட்டாங்க."

"ஓம் தங்கச்சி, பாக்கிறன்" என்றேன். அவருடைய கணவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு எல்லர்ஸ்லியில், வியாபாரச் சஞ்சிகைகள் போடும் ஒரு நிறுவனத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியனாக இருந்தேன். அலுவலகத்தில் விளம்பரப் பக்கங்களை வடிவமைக்கும் பெண் யூதர். திங்கட்கிழமை மதியம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். அவர்களுடைய ஜெபாலயத்திலும் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, பகுதி பகுதியாக, ஒன்றும் விடாமல், வருஷத்துக்கு ஒரு முறை வாசித்து முடிப்பார்களாம். இந்தப் பகுதி வரும் வாரத்தில் யாருக்கும் பேசப் பிடிக்காது என்றார். மறுநாள் தடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பக்கத்தின் மேலே நான்கு வரி வேதம், கீழே அதற்கு உரை, உரைக்கு மேல் உரை, எல்லாம் ஆங்கிலத்தில். சூத்திரம் இரண்டு அடியும் உரை இரண்டு பக்கமுமாகத் தமிழ் படித்தவனுக்கு அந்த அமைப்பு அந்நியமாக இல்லை.

அந்த வாரம் மதிய உணவு நேரம் முழுவதும் அதில் போனது. ஒரு செய்திக்கு ஒரு காரணம் தேடிப் போனவனுக்கு ஏழெட்டுக் கிடைத்தன. மோசேயைக் கேட்காமல் தாங்களே முடிவெடுத்தார்கள். மோசே, ஆரோன் என்ற இந்த இரண்டு கிழவர்களும் எப்போது சாவார்கள், நாம் எப்போது தலைவர்களாவோம் என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்றார்கள். இவற்றில் எதுவும் வேதத்தில் இல்லை. காரணம் சொல்லப்படாத ஒரு மரணத்தைச் சுற்றி, பல நூற்றாண்டுக்காரர்கள் நின்று பிள்ளைகள் மீது குற்றம் தேடியிருந்தார்கள்.

நான் பயந்த காரணமும் இருந்தது: அவர்கள் குடித்திருந்தார்கள். அதற்கு ஆதாரம், பிள்ளைகளின் உடலை வெளியே தூக்கிச் சென்ற சில வரிகளுக்குள், மது அருந்திவிட்டுக் கூடாரத்துக்குள் வராதே என்ற கட்டளை வருவது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆகவே ஒன்று மற்றதற்குக் காரணம். இந்த முறை எனக்குப் பழக்கமானது. எங்கள் நாளிதழில் ஒரு மருத்துவரின் மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் போலி மருந்துச் செய்தி ஒன்று வந்துவிட்டது. அங்கே இடம் இருந்தது, அவ்வளவுதான். அவருடைய மருமகன் அலுவலகத்துக்கே வந்து கத்தினார். நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை.

இன்னும் ஒரு சிக்கல். ஆரோன் பேசாமல் இருந்ததற்குப் பரிசு கிடைத்தது என்கிறது உரை. கர்த்தர் அவனிடம் தனியாகப் பேசினாராம். அப்படித் தனியாகப் பேசியது என்ன என்று பார்த்தால், அந்த மதுக் கட்டளைதான். பிள்ளைகளை இழந்து வாய் திறக்காமல் நின்ற தகப்பனுக்கு இதுவா பரிசு? இது ஒரு பக்கம் இருக்க, அதே உரையாசிரியர் அதே வசனத்துக்கு வேறு மாதிரியும் எழுதுகிறார். மோசே தன் தமையன் ஆரோனிடம், இந்த வீடு மேன்மையான ஒருவரைக் கொண்டு பரிசுத்தமாகும் என்று அறிந்திருந்தேன், அது நீயோ நானோ என்று நினைத்தேன், உன் பிள்ளைகள் நம் இருவரையும்விடப் பெரியவர்கள் என்று இப்போது தெரிகிறது என்று சொன்னானாம்.

குடித்தவர்கள் எப்படிப் பெரியவர்கள் ஆனார்கள் என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன். இரண்டில் எது சரி?

"இரண்டையும் வைத்திருக்கிறோம். நாங்கள் எதையும் எறிவதில்லை" என்றார்.

வெட்டி எறிவதுதான் நான் கற்ற தொழில். மதுவை வெட்டிவிட்டேன். மோசே சொன்ன ஆறுதலை மட்டும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கிளென் ஈடனுக்குப் போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பக்கத்து அறையில் டிவியின் முன்னால் இருந்தார்கள். பேச்சு முடிந்த பின் கடைசிச் சில வசனங்களை வீட்டுக்காரர் வாசிப்பது எங்கள் வழக்கம். மீதியை ஆளுக்கொரு வசனமாக வாசித்தோம். மதுக் கட்டளை ஒரு யாழ்ப்பாணப் பையனுக்கு வந்தது. அவன் அதை அவசரமாகக் கடந்தான். பிறகு நான் பேசினேன். உன் பிள்ளைகள் நம்மைவிடப் பெரியவர்கள் என்ற இடத்தில் எஞ்சினியர் "ஆமென்" என்றார். வேறு சிலரும் சொன்னார்கள். முடித்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, தப்பு என்னான்னு சொல்லலயே."

"கட்டளையிடாத நெருப்பைக் கொண்டு போனது எண்டுதான் எழுதியிருக்கு, தங்கச்சி."

"அதுக்கப்புறம்? பிணத்தத் தூக்கிட்டுப் போனதும், குடிக்காதேன்னு சொல்றாரே. அப்ப குடிச்சிருந்தானுங்கதானே?"

எந்த உரையும் அவர் படித்ததில்லை. ஒரு வாரத்தில் தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார்.

"அப்படிச் சொல்லேலாது. ரெண்டு விஷயம் பக்கத்தில பக்கத்தில வந்தா, ஒண்டால மற்றது நடந்தது எண்டு இல்லை. பேப்பரிலயும்..."

"சரிண்ணே. குடிச்சிருந்தானுங்கன்னே வச்சுக்குவோம்." அவர் குரல் உயரவில்லை. "எங்க பையனும் குடிச்சிருந்தான். ரத்தத்துல இருந்துச்சுன்னு போலீஸ் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நீங்க யாரும் எங்ககிட்ட கேக்கல, நல்லது. நான் கேக்குறது வேற. குடிச்சா அதுக்கு இதுவா? இங்க இருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் குடிக்கலயா? அவங்கல்லாம் வீட்டுக்கு வந்துடுறாங்கல்ல?"

என்னிடம் ஏழெட்டு விடைகள் இருந்தன. இந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ரிமோட்டைக் கேட்டது. யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள்.

"பாட்டு வேணாம்லா" என்றார் அந்தப் பெண். பாட்டு நின்றது.

கணவர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் பங்கான கடைசி வசனங்களை வாசித்தார். பலியிறைச்சியை ஆசாரியர்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். ஏன் சாப்பிடவில்லை என்று மோசே கோபப்படுகிறான். பேசாமல் இருந்த ஆரோன் அங்கே பேசுகிறான். இன்றைக்கு எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்க, நான் சாப்பிட்டிருந்தால் கர்த்தருக்கு அது நன்றாக இருந்திருக்குமா என்று கேட்கிறான். மோசே அதைக் கேட்டு ஒப்புக்கொள்கிறான். அத்துடன் அதிகாரம் முடிகிறது. அவர் புத்தகத்தை மூடினார்.

சாப்பாட்டை மேசையில் வைத்திருந்தார்கள். கோழிப் பிரட்டல், மீன் குழம்பு, சோறு. எஞ்சினியரின் மனைவி எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க, நாங்க போடுறோம்" என்றார்.

"நீங்க சாப்பிடுங்க" என்றார் கணவர்.

இருவரும் எல்லோருக்கும் பரிமாறினார்கள். தங்களுக்குத் தட்டு எடுக்கவில்லை.