ஜன்னல் திறக்காத அறை

"ஏலக்கா பறிக்கிறவ மக, கம்ப்யூட்டர்ல எத்தன நாளைக்கு உக்காந்திருப்ப ஆத்தா?"

நான் வேலை கேட்டுப் போன அன்று போடியில் ஏலக்காய்க் கடை முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டது இது. அவருக்குப் பதில் சொல்வதுபோல மூன்று வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்தேன். இருமல் வந்தபோதும் அந்தக் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

என் வேலை சாம்பிள் அறையில். ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒவ்வொரு சரக்குக் குவியலிலிருந்தும், மாதிரிக்கு ஒரு பை காய் வரும். ராசிங்காபுரத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் அதைச் சலித்துப் பருமன் பிரிப்பார். நான் எடை பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று அங்கே ஜன்னலைத் திறப்பதே இல்லை. அந்த அறையில் இரண்டு மாதம் இருமினேன். அக்கா கேட்கும்போதெல்லாம், ஏலக்காய்த் தூசி என்றேன்.

காசநோய் என்று தெரிந்ததும் கடைக்கு டைபாய்டு என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நாள் நீண்டதும் மஞ்சள் காமாலையையும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அம்மாவைப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டு, வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தனி அறை என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அவர் கொடுத்த தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். இந்த நோய் காற்றில் பரவும் என்பது அதில் இரண்டாவது வரி.

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். யாரும் இல்லை. புள்ள வந்துரும், வேறு ஆள் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி, எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவே எடைகளை நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதைப் புரட்டிய நான் முதல் காரியமாக இரண்டு பிழைகளைக் காட்டினேன். அக்கா கோபப்படவில்லை. சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஒரு மாசம் இருக்கும். தூசிதான், விடு."

நான் சொன்ன அதே சொல். அதற்குப் பிறகு எனக்கு தராசின் எண் கண்ணில் படவில்லை. மத்தியானம் கடையில் மற்றவர்கள் சாப்பிட வெளியே போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனி அறை என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

அக்கா சோற்று டப்பாவை மூடினார். "டைபாய்டுன்னு மாரியாத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். அவளையுமா ஏமாத்துன?"

நான் முதலாளி அன்று கேட்டதைச் சொன்னேன். அவர் முன்னால் தோற்றுப்போகக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்றேன்.

"அவரு கேட்டதுக்கு நான் என்னடி செஞ்சேன்? எம் மவளுக்கு நாலு வயசு."

அங்கேயே நின்று சுகாதாரப் பணியாளருக்குப் போன் செய்து அக்காவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். மறுநாள் காலையில் பரிசோதனைக்குச் சளி கொடுக்க அக்கா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், குழந்தையையும் கூட்டி வரட்டும் என்றார். நானும் வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வேணாம். வழி எனக்குத் தெரியும்."

பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறப் போய்விட்டார். முன்பெல்லாம் வாசலில் நின்று, வெரசா வா என்று என்னையும் அழைத்துத்தான் போவார்.

அக்காவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. சலிக்காத பைகள் மூலையில் இருக்கின்றன; அவற்றின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்று காலை முதலாளியிடம் என் பழைய விடுப்புக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். டைபாய்டை அடித்துவிட்டு அதன் மேலேயே காசநோய் என்று எழுதி, இந்த அறைக்கு வந்துபோகிற எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.