சந்தையைக் காத்த கிடேரி

போன மாதம் எங்கள் ஊர் வாரச்சந்தைக்குப் புதிதாக வளைவு கட்டித் திறந்தார்கள். மேடையேறியவர்கள் ஆளுக்கொரு வரலாறு கொண்டுவந்தார்கள். குதிரைப்படை இங்கே தங்கி, குதிரைகளுக்குக் கொள்ளு வாங்கியது என்றார் ஒருவர். வெள்ளைக்காரத் துரையே வந்து இடம் குறித்துக் கொடுத்தான் என்றார் இன்னொருவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சந்தை பிழைத்த கதையில் எனக்கும் ஒரு கிடேரிக்கும் பங்குண்டு. அதை யாரும் சொல்லவில்லை.

அப்போது நான் நான்காவது படித்தேன். எங்கள் ஊர் தன்னை டவுன் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆதாரம், காயும் மாடும் சேர்ந்து கூடும் செவ்வாய்ச் சந்தை. அதுவும் மெலிந்துபோய், சில வாரம் மாட்டைவிடத் தரகர்கள் அதிகமாக நின்றார்கள். சந்தையைத் தங்கள் பக்கம் மாற்றித் தரும்படி மெயின் ரோட்டு ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி வருகிறவன் முதலில் பார்ப்பது தங்கள் ஊரைத்தான் என்பது அவர்கள் வாதம். நேரில் பார்த்து முடிவு சொல்ல ஆபீசர் ஒருவர் வருவதாகத் தெரிந்தது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் பெரியப்பா. அவர் வீடு வீடாகப் போய், தொழுவத்தில் நிற்பதையெல்லாம் ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் கேட்டார்.

எங்களிடம் இருந்தது ஒரு செவலைக் கிடேரி. கன்றுக்குட்டியாக இருந்தபோது அம்மா தன் தாய்வீட்டிலிருந்து மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தது. இப்போது தலைச்சினை.

"காட்டிட்டு அப்படியே ஓட்டியாந்துடணுங்க மாமா," என்றாள் அம்மா. "இது கன்னு போட்டாத்தான் எங்க வூட்டுக் காப்பி வெள்ளையாவும்."

"அட, யாரும்மா வாங்கப் போறாங்க? நிக்கிறது பூரா நம்மூரு மாடு, வெலை கேக்கறவனும் நம்மூரு ஆளு. பையன் சும்மா கயித்தப் புடிச்சிட்டு நிக்கட்டும்."

அப்பா விலை கேட்பவராக நடிக்க வேண்டியிருந்ததால் கயிறு என் கைக்கு வந்தது.

சந்தை பிரமாதமாக நடந்தது. ஆபீசர் குடையோடு சுற்றிவந்தார். ஒருவர் தன் சொந்தத் தம்பியின் காளைக்கே கோபமாக விலை பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து பஸ்ஸைவிட்டு இறங்கினார், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவர். தோளில் புதுக்கயிறு. இங்கே நடப்பது நாடகம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நேராக எங்கள் கிடேரியிடம் வந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், என் கைமேல் துண்டைப் போட்டார்.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை கேட்பதுதான் மாட்டுச்சந்தை வழக்கம். விலை கட்டுப்படியாகாவிட்டால் கையை உருவிக்கொள்ள வேண்டும். சம்மதமென்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது மூளைக்கு. அது கைக்குச் சொல்லியனுப்ப மறந்துவிட்டது. போதாததற்கு ஆபீசரும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பயந்தால் நான் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். இன்றும் அப்படித்தான்; எனக்கு ஊசி போட்ட நர்சுகளைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அகப்பட்டது கன்னடக்காரர் கை. இரண்டு கையாலும் இறுக்கினேன்.

"ஆயித்து!" என்றார் அவர். முடிந்துவிட்டதாம்.

பெரியப்பா ஓடிவந்தார். "அய்யோ, சின்னப் பையங்க, அவனுக்கு என்ன..." என்று ஆரம்பித்தவர் ஆபீசரைக் கண்டதும் பாதியில் விழுங்கினார்.

"ஏங்க, இது விக்கிற மாடு இல்லீங்களா?" என்றார் ஆபீசர்.

இல்லை என்றால் மற்றதெல்லாம் எதற்கு நிற்கின்றன என்றுதான் அடுத்துக் கேட்பார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். பக்கத்து வீட்டு எருமைக்கு விலை பேசிக்கொண்டிருந்த அப்பா, கொஞ்ச நேரம் அந்த எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விக்கத்தாங்க ஓட்டியாந்தோம்," என்றார்.

வந்தவர் நியாயமான விலைதான் கொடுத்தார். தன் புதுக்கயிற்றைக் கட்டி, பழைய கயிற்றை வழக்கப்படி என்னிடமே கொடுத்துவிட்டார். கிடேரி ஒருமுறை திரும்பிப் பார்த்தது என்று எழுத ஆசைதான். அது பார்க்கவில்லை. அவர் நீட்டிய சோளத்தட்டைக் கடித்துக்கொண்டே போனது.

"கண்ணு முன்னாடியே யாவாரம் நடக்குதே!" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார் ஆபீசர். சந்தை எங்கள் ஊரிலேயே தங்கியது. ஊர் டவுனாகவே இருந்தது.

எப்படியும் உதை விழும் என்று வழியிலேயே அழுது முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கயிற்றைப் பார்த்தாள். வாங்கி ஆணியில் மாட்டினாள். சோறு போட்டாள். அவ்வளவுதான். தப்பித்த சந்தோஷத்தில் மறுசோறு வேறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா காய் வாங்க மெயின் ரோட்டு ஊர்க் கடைகளுக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் சந்தை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் ஸ்டாப்பில் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பா, "ஏம்மா, நம்ம சந்தையிலயே எல்லாம் கெடைக்குதே?" என்பார்.

"அங்க நல்லா இருக்குதுங்க மாமா," என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறுவாள்.

பை தூக்க நானும் போவேன். அங்கே விற்றதும் எங்கள் ஊர்த் தக்காளிதான்; பஸ் சார்ஜ்தான் தண்டம். அம்மாவுக்குக் காய் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.